நாற்பத்தைந்து நாள் தாமதமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மசோதாக்கள் மீது முடிவெடுக்க ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 20 அன்று கூறிய கருத்தைப் பற்றி ஆதரித்தும் எதிர்த்தும் நிறையப் படித்துவிட்டேன். காரணம் சொல்லாமல், முடிவே இல்லாமல் கிடப்பில் போட்டால் மட்டும் நீதிமன்றம் ஓரளவு தலையிடலாமாம். என்னைப் போன்ற பள்ளிக்கூடத்து ஆசாமிக்கு ஒரு சந்தேகம்: நாற்பத்தைந்து நாள் அந்தக் கணக்கில் வருமா?

2020-இல் நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் விலங்கியல் ஆசிரியர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தரும் மசோதா செப்டம்பர் 15 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று முடிவு செய்தது. எதிர்க்கட்சியும் ஆதரித்த மசோதா என்பதால் ஒரு வாரத்தில் கையெழுத்தாகிவிடும் என்று நம்பி, என் மாணவி ஒருத்தியிடம் "தைரியமா இரு" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அக்டோபர் 16 நீட் முடிவு வந்தது. அவள் எடுத்த மதிப்பெண்ணுக்குப் பொதுப் பட்டியலில் இடம் கிடையாது. உள்ஒதுக்கீடு வந்தால் நிச்சயம். இதற்கிடையில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கியது. அவள் அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். சாயங்காலம் ஆனால் போன் வரும்: "அந்தக் கவர்னர் அய்யா எப்ப சார் கையெழுத்துப் போடுவாரு?" முடிவெடுக்க இன்னும் மூன்று நான்கு வாரம் ஆகும் என்று ஆளுநர் மாளிகையிலிருந்து பதில் வந்த செய்தியை அவருக்கு எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. தோட்டை அடகு வைத்து நர்சிங்குக்குப் பணம் கட்டினார்கள்.

அரசு பொறுத்துப் பார்த்துவிட்டு அக்டோபர் 29 அன்று அரசாணையாகவே போட்டது. மறுநாளே ஆளுநரின் ஒப்புதலும் வந்துவிட்டது! ஒரே ராத்திரியில் போட முடிகிற கையெழுத்துக்கு அதுவரை நாற்பத்து நான்கு நாள் ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நவம்பர் 18 சென்னை நேரு ஸ்டேடியத்தில் கலந்தாய்வு தொடங்கியது. அந்த வாரமே அவளுக்கு இடம் கிடைத்தது. நர்சிங் கல்லூரியில் கட்டிய பணம் மட்டும் திரும்பவில்லை. தோடும்தான்.

கல்வியில் ஆளுநரின் பங்கு என்றாலே எல்லோரும் துணைவேந்தர் நியமனத்தைத்தான் பேசுகிறார்கள். அதுவும் முக்கியம்தான். வேந்தர் பதவியை ஆளுநருக்குக் கொடுத்தது அரசியலமைப்பு அல்ல, பல்கலைக்கழகச் சட்டங்கள். துணைவேந்தர் பதவிகள் கோடிக்கணக்கில் விலை போயின என்று 2018-இல் சொன்னவரும் இதே ஆளுநர் பன்வாரிலால் புரோகித்தான். ஆகவே மொத்தத்தையும் மந்திரிகள் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப நான் தயாரில்லை. ஆனால் ஆளுநரும் அரசும் இழுத்த இழுப்பில் சென்னைப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்ட் முதல் துணைவேந்தர் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஒருங்கிணைப்புக் குழுவை வைத்தே ஓடியதே, அதற்கு யார் பொறுப்பு?

நீட் விலக்கு மசோதாவும் அப்படியே. 2021 செப்டம்பரில் நிறைவேறியது, 2022 பிப்ரவரியில் ஆளுநரிடமிருந்து திரும்பி வந்தது, அதே மாதம் மறுபடியும் நிறைவேற்றி அனுப்பப்பட்டது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்று சட்டமன்றத்தில் அறிவித்தபோது 2025 ஏப்ரல். வேண்டாம் என்பதையாவது சீக்கிரம் சொல்லியிருந்தால், 'இந்த வருஷம் நீட் இருக்காது சார்' என்று நோட்டை மூடி வைத்த பிள்ளைகள் கொஞ்சம் படித்திருப்பார்கள்.

அரசியலமைப்பின் 200-ஆவது பிரிவு மசோதாவைத் திருப்பி அனுப்புவதானால் 'கூடிய விரைவில்' என்கிறது. எங்கள் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் பெற்றோரிடம் தலைமையாசிரியர் அப்படிச் சொன்னால் மறுநாளே முதன்மைக் கல்வி அலுவலருக்குப் புகார் போகும். ஆண்டுக்கணக்கில் கிடந்தால் வழக்குப் போடலாம், சரி. சில மாதங்களிலேயே முடிந்துவிடுகிற சேர்க்கைக்கு ஒன்றரை மாதத் தாமதமே போதும். எந்த நீதிமன்றமும் அதை 'முடிவில்லாத தாமதம்' என்று ஏற்காது.

ஒரு வேண்டுகோள். தினமும் மேட்டூர் அணை நீர்மட்டம் போடுகிறீர்கள். அதன் பக்கத்திலேயே சிறு கட்டம் கட்டி, கல்வி தொடர்பான எந்த மசோதா எந்தத் தேதியில் கிண்டிக்கு, ஆளுநரிடம் போனது, இன்றோடு எத்தனை நாள் என்று போடுங்கள். போன் செய்து கேட்கும் தாய்மார்களுக்குச் சொல்ல, என்னைப் போன்றவர்களுக்கு ஒரு எண்ணாவது கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் (விலங்கியல்),
அரூர், தருமபுரி மாவட்டம்.