மாமா கேட்ட விறாந்தைச் சத்தம்

மொந்த்ரோ, சுவிற்சர்லாந்து
5 டிசம்பர் 2021, ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மதிப்பும் நிறைந்த மாமாவுக்கு,

நாங்கள் இங்கு நலம். நீங்களும் மாமியும் நலமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். சென்ற மாதம் தொலைபேசியில் கதைத்தபோது, "நீ இருக்கிற ஊரிலதானே 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டில வாற அந்தக் கசினோ எரிஞ்சது, ஒருக்கா போய்ப் பார்த்து, அந்தப் பாட்டு வந்த கதையையும் வடிவா எழுதி அனுப்படா" என்று சொன்னீர்கள். தொலைபேசியில் சொன்னால் உங்களுக்குப் பாதி கேட்காது என்பதாலும், இன்று எனக்கு லீவு என்பதாலும், கடதாசியிலேயே எழுதுகிறேன். நேற்றோடு அந்தத் தீக்கு 50 வருடம் நிறைந்துவிட்டது. அன்றும் ஒரு சனிக்கிழமைதான்.

என் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஹொட்டேலில் அறை துப்புரவாக்கி, மெத்தை புரட்டி, கம்பளம் உறிஞ்சும் வேலை. கொரோனாவுக்குப் பிறகு ஆட்கள் வரத்து முந்தியதுபோல் இல்லை. சென்ற வாரம் மூன்றாம் மாடியில் கம்பளத்தைச் சுருட்டி, மெத்தைகளையெல்லாம் அறைகளிலிருந்து இழுத்து விறாந்தைச் சுவரோடு நிமிர்த்திச் சாத்தி வைத்தோம். அப்போது கூட வேலை செய்யும் போர்த்துக்கேயப் பெண் என்னைக் கூப்பிட்டாள். எதிரே நின்ற எனக்கு அவளுடைய குரல் ஏதோ போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. மெத்தை இல்லாத மறுகோடிக்குப் போய்க் கைதட்டிப் பார்த்தேன். அங்கே சத்தம் கல்லில் பட்டு நீளமாக ஓடியது. அந்த இடத்திலேயே உங்கள் நினைவு வந்தது.

சிறிமா காலத்தில் வெளிநாட்டுச் சாமான் எதுவுமே வராதபோது, கொழும்பிலிருந்து யாரோ பதிந்து கொண்டுவந்து தந்த அந்த கசெற்றை, நான் சிறுவனாக இருந்தபோதும் நீங்கள் பென்சிலால் சுற்றிச் சுற்றிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். டீப் பேர்ப்பிள் என்ற ஆங்கில றொக் குழுவின் 'மெஷின் ஹெட்' இசைத்தட்டு அது; அந்தப் பெயர் மேலே உங்கள் கையெழுத்தில் எழுதியிருந்தது. "இது ஸ்டூடியோ அறைக்குள்ளே எடுத்த சத்தம் இல்லையடா, விறாந்தையில நிண்டு அடிச்ச சத்தம்" என்று நீங்கள் சொல்ல, அம்மா சிரிப்பார். மாமா, நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. அவர்கள் ஒரு ஹொட்டேல் விறாந்தையில் நின்றுதான் அதை வாசித்தார்கள், அதுவும் மெத்தைகளைச் சுவரில் சாத்திவிட்டு.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். டீப் பேர்ப்பிள் குழுவினர் இந்த ஊருக்கு வந்ததே ஸ்டூடியோ வேண்டாம் என்ற எண்ணத்தோடுதான். அதற்கு முந்திய இசைத்தட்டைச் சுற்றுப்பயணங்களுக்கு இடையே கிடைத்த நாட்களில் துண்டுதுண்டாகப் பதிந்திருந்தார்கள். மேடையில் தங்களுக்கு வரும் சத்தம் ஸ்டூடியோவில் வருவதில்லை என்ற குறை அவர்களுக்கு நெடுநாளாக இருந்தது. 1971 இலையுதிர் காலத்தில் பாடகர் இயன் கில்லனுக்கு ஈரல் அழற்சி வந்து அமெரிக்கப் பயணம் நின்றுபோனதால் கையில் நேரமும் கிடைத்தது. வெளிநாட்டில் பதிந்தால் பிரித்தானிய வரியிலும் கொஞ்சம் மிஞ்சும் என்ற கணக்கும் இருந்தது. இங்குள்ள நம்மவர்களுக்கு அந்தக் கணக்கை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆகவே, றோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு லொறியை வாடகைக்கு எடுத்தார்கள். 16 தடங்களில் பதியும் நாடா இயந்திரமும் கலவை மேசையும் அந்த லொறிக்குள்ளேயே இருந்தன. அது இப்போது கனடாவில் கல்கரி நகரத்து இசை நிலையத்தில் காட்சிக்கு நிற்கிறது. குளிர்காலத்துக்காக மூடப்படவிருந்த ஏரிக்கரைக் கசினோவின் அரங்கில் வாசிப்பது, வெளியே நிற்கும் லொறிக்குள் பதிவது என்பதுதான் திட்டம்.

மூடுவதற்கு முன் கடைசி நிகழ்ச்சியாக டிசம்பர் 4ஆம் திகதி அமெரிக்க இசைக்கலைஞர் ஃப்ராங்க் ஸாப்பாவின் குழு அங்கே வாசித்தது. டீப் பேர்ப்பிள்காரரும் பார்க்கப் போயிருந்தார்கள். கூட்டத்தில் இருந்த ஒருவன் அவசரச் சமிக்ஞைக்குச் சுடும் ஒளிக்குண்டுத் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட்டுவிட்டான். கூரையின் உட்புறம் பிரம்பால் வேய்ந்திருந்தது. நம் ஊர்க் கொட்டிலில் நெருப்புப் பிடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய கண்ணாடி யன்னலை உடைத்து ஆட்களை வெளியேற்றினார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பதை இங்குள்ள வயதானவர்கள் இன்றும் வியந்து சொல்கிறார்கள். கட்டடம் முழுக்கச் சாம்பலாயிற்று. ஸாப்பாவின் வாத்தியங்களும் அதோடு போயின.

உள்ளேயும் வெளியேயும் ஓடி ஆட்களை இழுத்துக் காப்பாற்றியவர் குளோட் நோப்ஸ் என்பவர். டெரிற்றே என்ற பக்கத்துக் குறிச்சியில் பிறந்து, சமையற்காரராகத் தொழில் பழகி, பின்பு ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்த்து, 1967இல் இங்கே ஜாஸ் விழாவைத் தொடங்கியவர். 2013 ஜனவரியில்தான் காலமானார். குசினியில் நிற்கும் எங்கள் பையன்களுக்கு அவர் என்றால் தனி மதிப்பு, சமையற்காரன் ஒருவன் ஊரையே உலகப் படத்தில் ஏற்றிவிட்டான் என்று.

இடத்தை இழந்து நின்ற குழுவுக்கு அடுத்த இடத்தைத் தேடிக் கொடுத்தவரும் நோப்ஸ்தான். முதலில் பவிலியன் என்ற பழைய அரங்கு கிடைத்தது. அங்கே ஒரே ஒரு மெட்டைப் பதிந்து முடிப்பதற்குள் அயலவர்கள் முறையிட்டுப் பொலிஸ் வந்துவிட்டது. இந்த இடத்தைப் படித்தபோது நான் தனியே சிரித்தேன். இந்த நாட்டில் இரவு பத்து மணிக்குப் பிறகு உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தைப் போட்டாலே கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். எனக்கும் வந்த புதிதில் ஒருமுறை நடந்தது. பாட்டைக் கொஞ்சம் உரக்கப் போட்டேன் என்று துண்டுக் கடதாசி எழுதிக் கதவிடுக்கில் செருகியிருந்தார்கள். பவிலியனிலோ, பொலிஸ் வெளியே நின்று தட்டத் தட்ட, உதவியாட்கள் உள்ளிருந்து கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டார்களாம். வாசிப்பு முடிந்த பிறகுதான் கதவு திறந்தது. அந்த ஒற்றைப் பதிவுக்கு அப்போது பெயரும் இல்லை, சொற்களும் இல்லை. முதலாம் இலக்கம் என்று மட்டும் குறித்து வைத்தார்கள்.

அதன் பிறகு கிடைத்ததுதான் டெரிற்றேயில் குளிர்காலத்துக்குப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹொட்டேல். நேற்று வேலை முடிந்ததும் 201ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி அங்கே போய் இறங்கினேன். ஏரிக்கு மேலே, மலையடிவாரத்தில், பழைய காலத்துப் பணக்காரத் தோரணையோடு நிற்கும் கட்டடம் அது. ஒஸ்திரியாவின் எலிசபெத் சக்கரவர்த்தினி வந்து தங்கிப் போன குறிச்சி என்று அருகே அவருக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள். உள்ளே போகவில்லை, போகத் தேவையும் இருக்கவில்லை. ஆட்கள் இல்லாத ஹொட்டேல் உள்ளே எப்படி இருக்கும், எந்தக் கதவிடுக்கால் குளிர் வரும் என்பது எனக்கு மனப்பாடம்.

கீழ்த்தளத்து மண்டபத்திலிருந்து பிரியும் விறாந்தையின் கோடியில் வாத்தியங்களை வைத்தார்கள். லொறி வெளியே நின்றது. தடித்த வயர்கள் அறைகள் வழியாக இழுக்கப்பட்டன. சத்தத்தை அடக்குவதற்கு மெத்தைகள். லொறிக்குள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பேர்ச் பதிந்ததைக் கேட்க வேண்டுமென்றால், வாசித்தவர்கள் படுக்கையறைகளுக்குள் நுழைந்து, பல்கனி ஏறிக் கடந்து, பனிக்குள் இறங்கி நடந்து போக வேண்டும். கொஞ்ச நாளில் அலுத்துப்போய், போய்க் கேட்பதையே விட்டுவிட்டார்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் மாமா. ஸ்டூடியோ என்றால் வாசித்ததை உடனே கேட்பார்கள், குறை காண்பார்கள், திரும்ப வாசிப்பார்கள், அதற்குள் சூடு ஆறிவிடும். இவர்களோ, எங்களுக்குச் சரியென்று பட்டால் சரிதான் என்று நின்ற நிலையிலேயே முடித்துவிட்டார்கள். நீங்கள் எந்தச் சத்தத்தை விறாந்தைச் சத்தம் என்றீர்களோ, அதில் பாதி சுவரின் எதிரொலி; மறுபாதி இந்த நடக்கப் பஞ்சி என்பது என் எண்ணம். டிசம்பர் 6இல் தொடங்கிய வேலை 21இல் முடிந்துவிட்டது. ஏழு பாட்டு, 37 நிமிடம்.

'ஹைவே ஸ்டார்' பாட்டில் வரும் நீண்ட கிற்றார் ஓட்டத்தை ரிச்சி பிளாக்மோர் அந்த நேரத்தில் மனம்போன போக்கில் வாசித்தார் என்று நீங்கள் வாதாடுவீர்கள். இதில் மட்டும் உங்களுக்குத் தோல்விதான். அவர் அதை முன்கூட்டியே சுரம் சுரமாக அமைத்து, பாக் என்ற பழைய ஜெர்மன் மேதையின் நடையைத் தழுவி, இரட்டையாகப் பதிந்தார். ஜோன் லோர்ட் தன் ஹமண்ட் ஓர்கனைக் கிற்றாருக்கு வைத்திருக்கும் மார்ஷல் ஒலிபெருக்கியில் கொளுவி வாசித்ததால்தான், எது கிற்றார் எது ஓர்கன் என்று நமக்குப் பல இடங்களில் பிரியவில்லை.

'பிக்சர்ஸ் ஒஃப் ஹோம்' என்ற பாட்டை அந்த கசெற்றில் நான் எப்போதும் தாண்டிப் போய்விடுவேன். உங்களுக்கு அது பிடிக்கும். இயன் பெய்ஸ் தனியாக முழவடித்துத் தொடங்குவாரே, அதுதான். நாட்டைவிட்டுத் தூரத்தில், கழுகும் பனியும் மட்டும் துணையிருக்க, மலையைப் பார்த்துக் கத்தினால் தன் குரலே திரும்பி வருகிறது என்று ஒருவன் வீட்டை நினைத்துக்கொள்கிற பாட்டு. யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, பனியும் இல்லை. எனக்கு அது விளங்காமல் போனதில் குற்றமில்லை. நேற்று டெரிற்றே பஸ் நிறுத்தத்தில் நின்றபோது எதிர்க்கரை மலைகளில் வெயில் அணைந்துகொண்டிருந்தது. பையிலிருந்த கைபேசியில் அந்தப் பாட்டைப் போட்டேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

இனி நீங்கள் கேட்ட பாட்டுக்கு வருகிறேன். தீக்கு இரண்டொரு நாள் கழித்து, பேஸ் கிற்றார் வாசிக்கும் ரொஜர் குளோவர் நித்திரையால் எழும்பும்போது அவர் வாயில் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்', அதாவது தண்ணீர்மேல் புகை, என்ற சொற்றொடர் வந்ததாம். எரிந்த கசினோவின் புகை ஏரியின் மேல் படர்ந்து கிடந்ததை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். போதைப்பொருள் பாட்டு என்று ஆட்கள் நினைப்பார்களோ என்று முதலில் தயங்கியிருக்கிறார்கள். கடைசியில் இசைத்தட்டுக்கு நேரம் போதாமல் வரவே, பொலிஸ் கதவைத் தட்டிய நாளில் பதிந்த அந்தப் பெயரில்லா மெட்டை எடுத்து, நடந்ததை நடந்தபடியே பாட்டாக எழுதிப் பாடினார்கள். ஸாப்பா, நோப்ஸ், வெளியே நின்ற லொறி, குளிர்ந்து கிடந்த வெற்று ஹொட்டேல் எல்லாம் அதில் வரும். ஆனால் 1972 மார்ச்சில் இசைத்தட்டு வந்தபோது அவர்கள் பெரிதாக நம்பித் தனித்தட்டாக விட்டது 'நெவர் பிஃபோர்' என்ற பாட்டை. அதை இன்று யார் கேட்கிறார்கள்? புகைப் பாட்டு அமெரிக்காவில் தனித்தட்டாக வந்தது 1973இல்தான். வந்ததும் நாலாம் இடம்வரை ஏறியது.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். அந்தத் தொடக்க மெட்டை எனக்கு ஒரே கம்பியில், கட்டை (கம்பியை மீட்டும் சிறு தகடு) வைத்து அடிக்கத்தான் சொல்லித் தந்தீர்கள். பிளாக்மோர் கட்டை பாவிப்பதில்லை. நாலாம் கம்பியையும் மூன்றாம் கம்பியையும் இரண்டு விரலால் ஒரே நேரத்தில் நெம்பி எடுக்கிறார். உங்கள் கணக்கில் சொன்னால், கீழே சட்ஜம், மேலே சுத்த மத்திமம். அந்த இணையை அப்படியே நகர்த்துகிறார். முதலில் இரண்டும் திறந்த கம்பி, பிறகு கிற்றார்க் கழுத்தின் மூன்றாம் கட்டம் (பிரெற்), பிறகு ஐந்து. ஏரிக்கரையில் இந்தப் பாட்டுக்கென்று ஒரு நினைவுச் சின்னம் வைத்து அதில் அந்தச் சுரங்களையே பொறித்திருக்கிறார்கள். அதைப் பார்த்து ஹொட்டேல் கடதாசியில் பென்சிலால் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். விரல் மரத்த குளிர், எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

தை மாதம் எங்கள் கட்டடத்து அண்ணர் ஒருவர் ஊருக்கு வருகிறார். அவரிடம் கிற்றார்க் கம்பி ஒரு செற்றும், மாமிக்கு முழங்கால் தைலமும் கொடுத்துவிடுகிறேன். உங்கள் கிற்றாருக்கு எந்தப் பருமன் கம்பி சரிவரும் என்று பழைய உறையைப் பார்த்து மாமியைக் கொண்டு எனக்குச் சொல்லுவியுங்கள். போனமுறைபோல் தடித்தது வந்து கழுத்து வளையக்கூடாது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்