டைட்டில் கார்டில் இடம் போதாதவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

படம் தொடங்கும்போது வரும் நன்றி கார்டை யாரும் படிப்பதில்லை. அந்த நேரத்தில் பாதிப் பேர் சீட் நம்பர் தேடிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் செல்போனை அணைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் படத்திலும் அது வந்த வேகத்தில் போய்விடுகிறது. அதில் வெறும் பெயராக ஓடிப்போனவர்களுக்கும், பெயர் போடவே வேண்டாம் என்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

படம் பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடும் ஒரு குடும்பம். மூத்த மகனுக்கு ஆட்டிசம்: பிறவியிலேயே மூளை வேறு விதமாக வளர்வதால், பேசுவதும் பழகுவதும் சத்தம், வெளிச்சத்தை உணர்வதும் மற்றவர்களைப் போல இருக்காது. வயது இருபதைத் தாண்டியவன், பேச்சு குறைவு. மிட்டாயை எண்ணிப் பாக்கெட்டில் போடுவது அவன் வேலை. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அவ்வளவுதான். கடைசிக் காட்சியில் அவன் மடமடவென்று பேசிவிடுவதும் இல்லை, மேடையேறிப் பரிசு வாங்குவதும் இல்லை.

இதைச் சொன்னபோது ஒரு தயாரிப்பாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி, பையனுக்கு ஒரு திறமை வைங்க. பெரிய பெருக்கல் கணக்கை டக்குனு சொல்ற மாதிரி" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 1988-இல் 'ரெயின் மேன்' வந்ததிலிருந்து சினிமாவில் அதுதான் அச்சு: ஆட்டிசம் என்றால் கூடவே ஓர் அதிசய மூளை. அந்த ஹாலிவுட் படத்தில் டஸ்டின் ஹாஃப்மேன் நடித்த பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக்குக்கு ஆட்டிசம் இல்லை என்றுதான் மருத்துவர்கள் பின்னாளில் கருதினார்கள். ஆனால் அதற்குள் ஹாஃப்மேனுக்கு ஆஸ்கர் கிடைத்து, அச்சும் நன்றாக இறுகிவிட்டது. அப்புறம் நண்பர்கள்தான் கையிலிருந்ததைப் போட்டுப் படத்தைத் தொடங்கி வைத்தார்கள். அவர்களுக்கு நன்றியைத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன். கணக்கும் தனியாகத்தான் இருக்கிறது.

முதல் நன்றி, திருநெல்வேலியில் எங்களைத் தங்கள் நடுவில் உட்கார வைத்துக்கொண்ட, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர்களுக்கு. ஸ்கிரிப்டை வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். முடிந்ததும் ஓர் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எல்லாப் படத்துலயும் எங்க பிள்ளைகளைப் பாத்து யாராவது திருந்துறாங்க. அப்பா திருந்துறாரு, டீச்சர் திருந்துறாங்க, ஊரே திருந்துது. எம் மகன் யாரையும் திருத்தல சார். பசிச்சா சோறு கேப்பான், கரண்ட் போனா கோவப்படுவான், அவங்க தாத்தா தும்முனா விழுந்து விழுந்து சிரிப்பான்." அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்சியையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்த்தோம்: இங்கே இவன் தனக்காக இருக்கிறானா, அடுத்தவர் கண் கலங்குவதற்காக இருக்கிறானா? தாத்தாவின் தும்மலையும் அந்த அம்மாவிடம் கேட்டு வாங்கிப் படத்தில் வைத்துக்கொண்டோம். தியேட்டரில் எல்லோரும் சிரிக்கிற இடம் அதுதான்.

நாயகன் பெரியவனாக இருக்க வேண்டும் என்று சொன்னதும் அவர்கள்தான். 2013-இல் வந்த 'ஹரிதாஸ்' படத்தை அவர்களில் பலர் இன்றும் பிரியத்தோடு பேசுகிறார்கள். சொந்தக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லி வாய் வலித்த காலத்தில், "அந்தப் படத்தைப் பாருங்க, புரியும்" என்று சொல்ல அது உதவியதாம். ஆனால் அதில் வருபவன் சிறுவன். தெரபி மையங்களில் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள், விளம்பரங்களில் சின்னப் பிள்ளைகள், சினிமாவிலும் சின்னப் பிள்ளைகள். மீசை முளைத்த பிறகு இவர்கள் எங்கே போகிறார்கள் என்று ஒரு அப்பா கேட்டார். அவர் மகனுக்கு அப்போது இருபத்தாறு வயது.

அடுத்தது, பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் தோழிக்கு. முப்பது வயதுக்கு மேல்தான் தனக்கு ஆட்டிசம் என்று அவருக்கு உறுதியாயிற்று. அதற்கு முன் பார்த்த ஒரு மருத்துவர், "பதற்றம்தான், கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று அனுப்பி வைத்தாராம். சுற்றியிருப்பவர்களைப் பார்த்து அதேபோல் நடந்துகொள்ளப் பழகிவிடுவதால் பெண்களில் பலருக்கு இப்படித்தான் தாமதமாகிறது. ஸ்கிரிப்டில் "அவன் வெறித்துப் பார்க்கிறான்" என்று வந்த இடங்களிலெல்லாம் அவர் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரே கேள்வி எழுதியிருந்தார்: "எதை?"

அந்த "எதை?"யை ஒளிப்பதிவாளர் பிடித்துக்கொண்டார். அவன் முகத்தை எடுத்த நேரத்தைவிட, அவன் பார்ப்பதை எடுத்த நேரம்தான் அதிகம். வறுத்த கடலையைத் தேய்த்துப் புடைக்கும்போது பறக்கும் சிவப்புத் தோல், பாகு கம்பிப்பதம் தாண்டும்போது மாறும் குமிழிகளின் அளவு, பலகையில் கட்டையை உருட்டியதும் மிட்டாய்ப் பரப்பில் ஓடும் வெளிச்சம். படம் பார்த்த சிலர், "கடலை மிட்டாயை இவ்வளவு அழகா காட்டியிருக்கீங்களே" என்றார்கள். அழகு பார்த்தவன் அவன், நாங்கள் பின்னால் நின்றோம்.

'கீப் தி சேஞ்ச்' படத்தைப் பார்க்கச் சொன்னதும் இதே தோழிதான். ஆட்டிசம் உள்ளவர்களே முக்கிய வேடங்களில் நடித்த நியூயார்க் காதல் கதை. ரேச்சல் இஸ்ரேல் இயக்கியது, 2017-இல் நியூயார்க்கின் டிரைபெக்கா திரைப்பட விழாவில் சிறந்த அமெரிக்கக் கதைப் படத்துக்கான விருது வாங்கியது. அதன் நாயகன் இடம் தெரியாமல் ஜோக் அடிப்பான், ஜம்பம் அடிப்பான், சில நேரம் எரிச்சலூட்டுவான். அப்படி ஒருவனாக இருக்கும் உரிமையை எங்கள் படத்து நாயகனுக்கும் கொடுங்கள் என்றார் தோழி. கொடுத்தோம். தங்கையின் நிச்சயதார்த்த ஜாங்கிரியை ஒளித்து வைத்துத் தின்பது அதனால்தான்.

இனி, நாயகனாக நடித்த தம்பிக்கும் அவன் அம்மாவுக்கும். பெயர் படத்தில் இருக்கிறது, இங்கே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். சம்பளம் அவன் பெயரிலுள்ள கணக்கில்தான் போட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் வைத்த நிபந்தனை.

அவனோடு வந்த சிறப்பாசிரியர் இல்லையென்றால் இந்தப் படமே இல்லை. அன்றன்றைக்கு என்னென்ன நடக்கும் என்பதைப் போட்டோ அட்டைகளாக லேமினேட் செய்து, ஒரு பட்டையில் வரிசையாக ஒட்டி வைப்பார். மேக்கப் அக்கா முகம், கேமரா, சாப்பாடு, மறுபடி கேமரா, வீடு. ஒன்று முடிந்ததும் தம்பி அதைப் பிய்த்து டிபன் டப்பாவில் போட்டுவிடுவான். டப்பா நிறைவதைப் பார்த்து யூனிட்டே நேரம் கணக்குப் போடப் பழகிவிட்டது. "வேண்டாம்" என்று ஓர் அட்டையும் உண்டு. அதை அவன் நீட்டினால் அன்றைக்கு அவன் இல்லாத காட்சிகளை எடுப்போம். கால்ஷீட் வீணாகிறதே என்று யாரும் முணுமுணுக்கவில்லை. அப்பா வேடத்தில் நடித்த அண்ணன், "எனக்கும் அப்படி ஒரு அட்டை குடுங்க டீச்சர்" என்று கேட்டதோடு சரி.

கிளாப் அடிக்கும் சத்தம் அவனுக்கு ஆகாது. ஆகவே ஷாட் முடிவில் போர்டைக் காட்டி, விரலால் மெல்லத் தட்டினோம். "ஆக்‌ஷன்" என்ற கத்தலும் போயிற்று. டீச்சர் கையை உயர்த்துவார், அவ்வளவுதான். படப்பிடிப்பு இவ்வளவு அமைதியாக நடக்க முடியும் என்பது சினிமாவில் தலை நரைத்த லைட்மேன் அண்ணன்களுக்கே ஆச்சரியம்.

பெண் பார்க்க வரும் நாளில் அவன் தாங்க முடியாமல் உடைந்துபோகும் காட்சி ஒன்று உண்டு. இதை டீச்சரும் சவுண்ட் ரெக்கார்டிஸ்டும் சேர்ந்துதான் அமைத்தார்கள் என்றே சொல்ல வேண்டும். 2021-இல் 'மியூசிக்' என்ற படத்தில், அப்படிப்பட்ட நேரத்தில் ஆட்டிசம் உள்ள ஒரு பெண்ணின் மேல் படுத்து அழுத்திப் பிடிப்பதை அன்பான செயலாகக் காட்டினார்கள். உயிருக்கே ஆபத்தான முறை அது என்று கடும் கண்டனம் எழுந்து, இயக்கிய பாடகி சியா மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. எங்கள் காட்சியில் யாரும் அவனைப் பிடிப்பதில்லை. தங்கை வந்தவர்களை வெளியே அனுப்புகிறாள், விளக்கை அணைக்கிறாள், எட்டி உட்கார்ந்துகொள்கிறாள். தம்பியை அந்த நிலைக்குத் தள்ளி எடுப்பதும் இல்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். கேமரா கதவுக்கு வெளியிலேயே நிற்கும். உள்ளே நடப்பது முழுக்க ஒலிதான்.

அந்த ஒலிக்காக ரெக்கார்டிஸ்ட் பட்ட பாடு கொஞ்சமில்லை. மிக்ஸி, குக்கர் விசில், வளையல், பட்டுப்புடவைச் சரசரப்பு, யாரோ ஒருவரின் ரிங்டோன், ஸ்பூன் விழுவது. சாதாரணமாக மிக்ஸிங்கில் வசனத்தை முன்னால் வைத்து மற்றதையெல்லாம் பின்னால் தள்ளுவார்கள். நம் மூளையும் நாள் முழுக்க நமக்காக அதைத்தான் செய்கிறது. இவர் எதையும் பின்னால் தள்ளவில்லை. எல்லாம் ஒரே அளவில், ஒரே நேரத்தில். பார்த்துவிட்டு வெளியே வந்த ஒருவர் தலைவலிக்கிறது என்றார், ரெக்கார்டிஸ்ட் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இதற்கெல்லாம் தொடக்கம் ஒரு டியூப் லைட். ஒரு வீட்டில் ஷூட்டிங் வைத்தபோது தம்பி அறைக்குள் நுழைந்ததும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். எங்கள் காதுக்கு அங்கே ஒரு சத்தமும் இல்லை. ரெக்கார்டிஸ்ட் மைக்கை மேலே நீட்டி, ஹெட்போனை ஒவ்வொருவர் காதிலும் வைத்தார். பழைய சோக்கின் இரைச்சல், ஆள் மாற்றி ஆள் முகம் சுளித்தோம். எலக்ட்ரீஷியன் வந்து எல்.இ.டி. மாட்டிய பிறகுதான் காட்சி நடந்தது.

புரொடக்‌ஷன் அண்ணனுக்குத் தனியாக ஒரு கும்பிடு. தம்பிக்குத் தினமும் வெள்ளைச் சோறு, அப்பளம், ஒரே எவர்சில்வர் தட்டு. குழம்பின் சொட்டுகூடச் சோற்றில் படக்கூடாது. மெஸ் பூட்டியிருந்த நாளில் அவரே பக்கத்து வீட்டு அடுப்பில் சோறு வடித்துக்கொண்டு வந்தார்.

மிட்டாய்க் கம்பெனி அண்ணாச்சிக்கும் அங்கே வேலை பார்க்கும் அக்காமாருக்கும்: பிசுபிசுப்பான எதையும் தம்பி தொடமாட்டான் என்று தெரிந்ததும், அவனைப் பாகுப் பக்கம் விடாமல் பாக்கெட் போட உட்கார வைத்தது நீங்கள்தான். ஸ்கிரிப்ட் உங்கள் பின்னால் வந்தது. அவன் ஒரு பாக்கெட் போடுவதற்குள் நீங்கள் மூன்று போட்டுவிடுவீர்கள், அதையும் மறைக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக அம்மா அலையும் காட்சியில் கவுன்டர், படிவம், கேட்கப்படும் நகல்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று பலர் சொன்னார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வரும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று என்பதில் தொடங்கி, எங்கே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது வரை சொல்லிக் கொடுத்த ஓய்வுபெற்ற ஊழியருக்கு நன்றி. எடிட்டருக்கு, அழும் உறவினர் முகங்களை வெட்டி எறிந்ததற்கு. இசையமைப்பாளருக்கு, வயலினை எடுக்காததற்கு.

மதுரையில் காலைக் காட்சி ஒன்றை விளக்குகளைப் பாதி எரியவிட்டு, சத்தத்தைக் குறைத்து, விளம்பரம் இல்லாமல் ஓட்டிய தியேட்டர் மேனேஜருக்கு நன்றி. எழுந்து நடக்கலாம், குதிக்கலாம் என்று அவரே மைக்கில் சொன்னார். ஒரு பையன் படம் முழுக்கத் திரையோரம் நடந்துகொண்டே பார்த்தான். குடும்பத்தோடு தியேட்டருக்கு வந்தது அன்றுதான் முதல் முறை என்றார்கள் சில வீட்டார்.

தம்பி பயன்படுத்திய போட்டோ அட்டைகளும் "வேண்டாம்" அட்டையும் எங்கள் ஆபீஸில் பத்திரமாக இருக்கின்றன. இப்படி ஒரு படமோ குறும்படமோ எடுப்பவர்கள் மாதிரிக்கு வாங்கிக்கொண்டு போகலாம், எப்படிப் பயன்படுத்துவது என்று டீச்சரே சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். லேமினேஷன் செலவை மட்டும் அவர் இன்னும் எங்களிடம் வாங்கிக்கொள்ளவில்லை. டீச்சர், பில்லை அனுப்பி வையுங்கள்.