மருந்துப் புட்டியை இன்னும் திறக்கவில்லை

திருப்பாலை, மதுரை

அன்புள்ள செழியனுக்கு,

அம்மா எழுதுவது. நீ கூரியரில் அனுப்பிய செம்பாசி மருந்து வந்து சேர்ந்தது. அதை நான் இன்னும் திறக்கவில்லை; இப்போதைக்குத் திறக்கப் போவதும் இல்லை. தொலைபேசியில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன் என்பதால்தான் எழுத்தில் வைக்கிறேன். நம் கடல்நீர் மீன்தொட்டியில் மணல்மேல் படர்ந்திருப்பது நீ நினைக்கிற செம்பாசி அல்ல. இல்லாத நோய்க்கு மருந்து ஊற்றினால் இருக்கிற நோய் தீராது என்பது மட்டுமல்ல, நல்லபடியாக இயங்குவதும் கெட்டுப்போகும்.

நான் அனுப்பிய படங்களைப் பார்த்து நீ முடிவு செய்ததில் வியப்பில்லை. நீல விளக்கின் கீழ் கைப்பேசியில் எடுத்த படத்தில் பழுப்பும் சிவப்பும் ஒரே நிறமாகத்தான் தெரியும். ஆனால் வீட்டில் நுண்ணோக்கி இருக்கும்போது, முப்பது ஆண்டுக்காலம் பிள்ளைகளுக்குப் பாசியியல் நடத்தியவள் நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைக்க முடியுமா? ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தேன்.

செம்பாசி என்று கடைக்காரர்கள் சொல்வது உண்மையில் பாசியே அல்ல, அது சயனோபாக்டீரியா. பச்சையம் இருக்கிறது, ஒளிச்சேர்க்கையும் செய்கிறது, ஆனால் செல்லுக்குள் உட்கரு கிடையாது. பைக்கோஎரித்ரின் என்ற நிறமிதான் அதற்கு அந்தக் கருஞ்சிவப்பைத் தருகிறது. நீரோட்டம் குறைந்த மூலைகளில் படர்ந்து, விரலால் நெம்பினால் பாலாடை போல மொத்தமாகக் கிளம்பி வரும். கெட்ட வாடையும் அடிக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் குறுக்குச் சுவர்கள் கொண்ட நீண்ட இழைகளாக, மெதுவாக வழுக்கிச் செல்வது தெரியும். நம் தொட்டியில் எடுத்த சொட்டில் அப்படி ஓர் இழைகூட இல்லை.

டயாட்டமாக இருக்குமோ என்று உன் நண்பர் கேட்டதாகச் சொன்னாய். அதுவும் இல்லை. ஒற்றைச்செல் பாசியான டயாட்டம் புதுத் தொட்டியின் தொடக்க வாரங்களில் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புத் தூளாகப் படியும். நீரிலுள்ள சிலிக்காவைக் கொண்டு தன் சுவரைக் கட்டிக்கொள்வதால், சிலிக்கா தீர்ந்ததும் பெரும்பாலும் தானே போய்விடும். நம் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் அதற்குக் குறைவிருக்காது. ஆர்.ஓ. நீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்புகளின் அளவு, சுழியம் காட்டினாலும் சிலிக்கா இல்லை என்று பொருளல்ல என்பதை மட்டும் நினைவில் வை. நீரில் கரைந்த சிலிசிக் அமிலம் பெரும்பகுதி மின்னேற்றம் இல்லாமல் இருப்பதால், மின்கடத்தலை அளக்கும் அந்த மீட்டருக்கு அது தெரியாது.

நான் பார்த்தது டைனோஃபிளாஜெல்லேட், சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒற்றைச்செல் உயிரி; சுருக்கமாக டைனோ. பழுப்புப் பொன்னிறத்தில், ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை உருண்டும் துளி வடிவத்தில் செல்கள் தனித்தனியாக இருந்தன. கூர்முனையை ஓரிடத்தில் ஊன்றியது போல நின்று சுழன்றுகொண்டிருந்தன. ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற இனத்துக்குரிய நடை அது. இன்னும் ஒரு சோதனையும் செய்தேன், நுண்ணோக்கி இல்லாதவர்களும் செய்யக்கூடியது: கொஞ்சம் பழுப்பைத் தொட்டி நீரோடு குப்பியில் எடுத்து, நன்றாகக் குலுக்கி, காபி வடிதாளில் வடித்து, தெளிந்து இறங்கிய நீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வைத்தேன். தெளிந்த நீரில் மறுபடியும் கோழை இழைகள் திரண்டன. தாளின் நுண்துளைகள் வழியே தனித்தனியாக நழுவிய செல்கள், வெளிச்சம் கண்டதும் ஒன்றுகூடுகின்றன. வேறு பாசிகள் இப்படிச் சட்டென்று திரள்வதில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு மற்ற அறிகுறிகளும் பொருந்திவிட்டன. இரவில் விளக்கணைந்து சில மணி நேரத்தில் மணல் வெளுத்துவிடுகிறது. மறுநாள் நண்பகலுக்குள் பழுப்பு திரும்பி, அதன் இழைகளில் காற்றுக் குமிழிகள் தொங்குகின்றன. செல்கள் இரவில் நீருக்குள் மிதந்து, பகலில் மணலுக்கு இறங்குகின்றன. நத்தைகள் ஒவ்வொன்றாகச் செத்தது வெயிலால் என்று உன் அப்பா சொன்னார். ஆஸ்ட்ரியாப்சிஸ் உண்டாக்கும் நச்சு, அதை மேயும் நத்தைக்கு ஆகாது. இப்போதைக்குப் புது நத்தை வாங்கி விட வேண்டாம்.

இது ஏன் வந்தது என்பதுதான் நீ முக்கியமாகப் படிக்க வேண்டிய பகுதி. சென்ற மழைக்காலத்தில் பாறையெல்லாம் பச்சை மயிர்ப்பாசி வளர்ந்தது நினைவிருக்கும். அது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்ததால் வந்தது. உறைந்த இறாலை நேரே தொட்டியில் போட்டதும், வடிகட்டிப் பஞ்சை வாரக்கணக்கில் மாற்றாததும் காரணம். அப்போதும் சோதனைக் கருவி பாஸ்பேட் சுழியம் என்றுதான் காட்டியது, ஏனென்றால் நீரில் வந்ததையெல்லாம் பாசியே உடனுக்குடன் உறிஞ்சிக்கொண்டிருந்தது. மயிர்ப்பாசி செழித்திருக்கும் தொட்டியில் சுழியம் என்ற அளவீட்டை நம்பக் கூடாது. நீ ஊருக்குக் கிளம்புமுன் பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகளைப் பையில் இரட்டிப்பாகப் போட்டாய், நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை இருபத்துநான்கு மணி நேரமும் ஓடவிட்டாய், மீன்களுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை மட்டும் உணவு என்று என்னிடம் சொல்லிச் சென்றாய். மயிர்ப்பாசி போனது. அதோடு நீரிலிருந்த சத்து முழுவதும் போனது. இப்போது காட்டுகிற சுழியம் உண்மையான சுழியம். போட்டிக்கு வேறு பாசியோ பாக்டீரியாவோ இல்லாத அந்த வெறுமையில்தான் டைனோ தலையெடுக்கிறது. காய்ந்த பாறையைக் கொண்டு தொடங்கிய தொட்டி என்பதால் நுண்ணுயிர்களின் வகையும் தொடக்கத்திலிருந்தே குறைவு.

ஆகவே செய்ய வேண்டியது, வழக்கமாக எல்லோரும் சொல்வதற்கு நேர் எதிரானது. இரும்புத் துகள் பையை எடுத்துவிட்டேன். ஸ்கிம்மர் இரவில் மட்டும் ஓடுகிறது. மீன்களுக்கு நாள்தோறும் உணவு. நீர் மாற்றுவதை நிறுத்திவிட்டேன். புதுக் கடல்நீர் ஊற்ற ஊற்ற இந்த டைனோ கொழுப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். நைட்ரேட்டை 5 முதல் 10 பி.பி.எம். வரையிலும், பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 பி.பி.எம். வரையிலும் கொண்டுவந்து அங்கே நிறுத்துவதுதான் இலக்கு.

அளவை நீயும் ஒருமுறை சரிபார். பாறையும் மணலும் போக நம் தொட்டியில் 200 லிட்டர் நீர் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு பி.பி.எம். என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். அப்படியானால் நைட்ரேட்டை ஒரு பி.பி.எம். உயர்த்த 200 மில்லிகிராம் நைட்ரேட் வேண்டும். சோடியம் நைட்ரேட்டின் எடையில் 73 விழுக்காடு நைட்ரேட் என்பதால், ஏறக்குறைய 270 மில்லிகிராம் உப்பு. நாளொன்றுக்கு அரை கிராமுக்கு மேல் போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். பாஸ்பேட்டுக்குத் தேவைப்படுவது இதைவிட மிகச் சிறிய அளவு. அதை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது. நீரேற்றமில்லாத டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1.5 கிராமை ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீரில் கரைத்து வைத்துக்கொண்டால், அதில் 10 மில்லிலிட்டர் நம் தொட்டியை 0.05 பி.பி.எம். உயர்த்தும். மறுநாளே அளவு குறைந்துவிட்டால் பதற வேண்டாம்; சுண்ணாம்புப் பாறை முதலில் தன் பங்கை இழுத்துக்கொள்ளும், அது நிறைந்த பிறகே நீரில் அளவு நிற்கும்.

மணல்மேல் உள்ளதை மெல்லிய குழாயால் உறிஞ்சி, நெருக்கமான வடிகட்டித் துணியில் வடித்து, நீரை மட்டும் தொட்டிக்கே திருப்பி விடுகிறேன். நச்சை உறிஞ்சட்டும் என்று கரிப்பையைப் புதிதாக மாற்றிவிட்டேன். இந்த வேலைக்குக் கையுறையும் கண்ணாடியும் அணிகிறேன், நீயும் ஊருக்கு வந்தால் அணிய வேண்டும். 2005-ல் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் இதே ஆஸ்ட்ரியாப்சிஸ் பெருகியபோது, கடற்காற்றைச் சுவாசித்தே ஏறக்குறைய 200 பேர் காய்ச்சலும் இருமலுமாக மருத்துவ உதவி தேடினார்கள். நம் தொட்டியின் அளவுக்கு அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், பாறையை வெளியே எடுத்துத் தூரிகையால் தேய்த்துச் சாரல் பறக்கவிடுவதும், வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைப்பதும் இந்த வீட்டில் நடக்காது. பக்கத்து வீட்டுக் குழந்தையையும் தொட்டியில் கைவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய மருந்தைப் பற்றியும் ஒரு சொல். இத்தகைய செம்பாசி மருந்துகளில் பலவற்றில் இருப்பது எரித்ரோமைசின், அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. டைனோ பாக்டீரியா அல்ல என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றித் தரும் பாக்டீரியாக்கள்தான் அடிபடக்கூடும். டைனோவோடு போட்டியிட வேண்டிய பாக்டீரியாக்களும் அவற்றோடு போகும். அதுவும் இந்தப் பங்குனி, சித்திரை வெயிலில் தொட்டி நீர் 30 பாகையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். அதில் செத்து அழுகுவதற்கும் ஏதாவது சேர்ந்தால், இரவில் மின்சாரம் போகும் அரை மணி நேரத்தில் கோமாளி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். இன்வெர்ட்டரில் இப்போது அலைக்கருவி ஒன்றை மட்டும் இணைத்திருக்கிறேன்; விளக்கும் ஸ்கிம்மரும் நின்றாலும் நீர் அசைந்துகொண்டிருக்கும்.

வெப்பத்துக்கு மின்விசிறி வைத்ததில் நீர் வேகமாக ஆவியாகிறது. உப்பு ஆவியாகாது என்பதால், குறைந்த மட்டத்தை நல்ல ஆர்.ஓ. நீரால் மட்டுமே நிரப்புகிறேன், ஒப்படர்த்தி 1.025, 1.026 அளவில் நிற்கிறது. உன் அப்பா, குழாய் நீரே போதும், வைகைத் தண்ணீரில் வளராத மீனா என்கிறார். அவருக்கு மொத்தத் தொட்டியையும் காலிசெய்து கப்பி மீன் விட வேண்டும் என்பதுதான் உள்ளூர ஆசை. அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு செய்திகள். நுண்ணுயிர் வகையைப் பெருக்க, பாம்பனுக்கோ மண்டபத்துக்கோ போய்க் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் ‘உயிருள்ள பாறை’யும் மணலும் கொஞ்சம் அள்ளி வரலாமே என்று சென்ற முறை சொன்னாய். கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அதற்குப் பதிலாக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி வைத்திருப்பவரிடமிருந்து வடிகட்டிக்குள் பாக்டீரியா படிந்து கிடக்கும் வளையங்களில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கினால் போதும், கே.கே. நகரில் உன் நண்பரிடமே கேட்கலாம்.

அதேபோல, சத்தை உறிஞ்சுவதற்குத் தொட்டியின் பின்னறையில் பாசி வளர்க்கும் திட்டத்தில் காலெர்ப்பா வேண்டாம், கீட்டோமார்ஃபா போதும். காலெர்ப்பா சில வேளைகளில் இனப்பெருக்கத்துக்காகத் தன் உடல் முழுவதையும் நீரில் கரைத்துவிடும். ஒரே நாளில் நீர் கலங்கி, உறிஞ்சியதெல்லாம் திரும்ப வந்துவிடும். எந்தப் பாசியையும் கழித்துப் போடும்போது வெயிலில் காயவைத்துக் குப்பையில்தான் போட வேண்டும். பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடற்பாசியான கப்பாபைகஸ் மண்டபம் கரையில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டு, பின்னர் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்ததை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நான் மாணவிகளை அந்தக் கரைக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் முதலில் சொல்கிற செய்தி இதுதான்.

இனி உன் பங்கு. தன் குழாய் வழியே செல்லும் நீரில் மிதக்கும் செல்களைக் கொல்லும் 18 வாட் புற ஊதா விளக்கு ஒன்றை வாங்கி அனுப்பு. ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் நீருக்குள் மிதப்பதால் இந்த இனத்துக்கு அது பலன் தரும். மணலைவிட்டு எழாத ஆம்ஃபிடினியம் போன்ற இனமாக இருந்திருந்தால் வீண் செலவு. நீர் அதன் வழியே மெதுவாகச் செல்ல வேண்டும் என்பதால் சிறிய மோட்டாரே போதும். குழாய் மூடிய நிலையில் மட்டுமே அது எரியும் வகையாகப் பார்த்து வாங்கு; அந்த ஒளியைக் கண்ணால் பார்க்கக் கூடாது. பாஸ்பேட் அளவிடும் வேதிப்பொடியின் காலாவதித் தேதி இந்த மாதத்தோடு முடிகிறது, அதையும் சேர்த்து அனுப்பு.

விளக்கை இயக்கும் செயலி உன் கைப்பேசியில்தான் இருக்கிறது. வெள்ளை, சிவப்பு, பச்சை மூன்றையும் அணைத்துவிட்டு நீலத்தை மட்டும் நாளுக்கு ஆறு மணி நேரம் எரியும்படி இன்றிரவே மாற்றிவிடு. பவளம் இல்லாத தொட்டிக்கு அது தாராளம். மாற்றியதும் எனக்கு ஒரு செய்தி அனுப்பு, நாளைக் காலையில் மணலைப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா