12 என்று காட்டிய பெட்டியில் 24 டிகிரி

அனுப்புநர்: ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர், குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு
பொருள்: பாட்டில் குளிர்பெட்டி சொன்ன குளிர்ச்சியைத் தராதது

ஐயா,

2023 மார்ச்சில் உங்களிடம் 12 பாட்டில் பிடிக்கும் குளிர்பெட்டி வாங்கினேன். எந்த ஊரிலும் 12 டிகிரியில் நிற்கும் என்று உங்கள் விற்பனையாளர் போனில் உறுதி சொன்னார். முன்பக்கத்தில் எப்போதும் 12 எரியும். அதைப் பார்த்தே நிம்மதியாக இருந்துவிட்டேன்.

உள்ளே வைத்தது ரோஷ்ஃபோர் 10. பெல்ஜியத்தில் ஒரு துறவி மடம் தயாரிக்கும் கருப்பு பீர், 11.3 சதவீதம். கடைசிப் பயணம் முடித்து ஆண்ட்வெர்ப்பில் இறங்கியபோது நானும் கூட வேலை பார்த்த நண்பரும் ஆளுக்கு ஆறு வாங்கினோம். 330 மில்லி வீதம் ஆறு என்றால் சுங்கம் விடும் 2 லிட்டருக்குள் சரியாக அடங்கும். பாட்டிலுக்குள் உயிருள்ள ஈஸ்ட் இருப்பதால், இருட்டில், குளிர்ச்சியில், நிமிர்த்தி வைத்தால் இது வருடக்கணக்கில் பக்குவப்படும். சூடு கூடினால் பக்குவத்துக்குப் பதில் கெடுதல்தான் வேகமாக நடக்கும்.

வந்த புதிதில் ஒன்று குடித்தேன். உலர்ந்த அத்தி, திராட்சை, அடிநாக்கில் கருப்பட்டிப் பாகு முறுகும்போது வருகிற கசப்பு. அந்த ருசி இன்னும் நினைவிருக்கிறது.

போன மாதம் நண்பர் தன்னுடையதில் ஒன்றைக் கொண்டுவந்தார். குன்னூரில் மர அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்தது, அவ்வளவுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினோம். அவருடையதில் காரம் அடங்கி, பேரீச்சையும் சாக்லேட்டும் ஒன்றாகக் கலந்து, விழுங்கிய பிறகும் வாயில் நின்றது. என்னுடையதில் நுரை வந்தது, நிறமும் அதேதான். மூக்கருகே கொண்டுபோனதும் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. நாக்கில் சோயா சாஸ் மாதிரி ஒரு ருசி. இன்னொன்றைத் திறந்தோம், அதுவும் அப்படியே. இனி வாங்கப் போக எனக்குக் கப்பல் இல்லை, ஐயா.

அப்புறம்தான் உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்து ஒரு வாரம் குறித்தேன். அறை 31, பெட்டிக்குள் 24, முன்பக்கத்தில் 12. அது நாம் வைக்கும் அளவைக் காட்டுகிறதே தவிர உள்ளே இருப்பதைக் காட்டவில்லை. பின்பக்கத்தைக் கழற்றினால் கம்ப்ரசரே இல்லை, பெல்டியர் தகடும் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு) விசிறியும்தான். அந்த வகை, அறையின் சூட்டிலிருந்து சில டிகிரிதான் குறைக்கும். உங்கள் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘அறை வெப்பம் 25 டிகிரியில்’ என்று இருக்கிறது. குளச்சல் கடற்கரையில் பகலில் எந்த அறை 25 டிகிரியில் இருக்கும்? ஜனவரியிலேயே 24 என்றால் ஏப்ரல், மே மாதங்களில் எவ்வளவு இருந்திருக்கும் என்று உங்கள் பொறியாளரிடமே கேளுங்கள்.

வாரண்டி முடிந்துவிட்டது என்று உங்கள் சேவைப் பிரிவில் சொன்னார்கள். இது ரிப்பேர் அல்ல. வாங்கிய முதல் நாளிலிருந்தே இந்தப் பெட்டியால் இங்கே 12 டிகிரி தர முடியாது. அதைச் சொல்லாமல் விற்றிருக்கிறீர்கள்.

முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள், அல்லது கம்ப்ரசர் உள்ள பெட்டியாக மாற்றித் தாருங்கள். 25 டிகிரி நிபந்தனையை விலைக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில் நகலும், மூன்று அளவுகளும் ஒன்றாகத் தெரியும் படங்களும் இணைத்திருக்கிறேன். மீதி மூன்று பாட்டிலையும் திறக்காமல் வைத்திருக்கிறேன், உங்கள் ஆள் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்
குளச்சல், 3-2-2025