மாசித் தேனும் மார்கழி முட்டையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் வேளாண் பக்கத்தில் தேனீ வளர்ப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். புதிதாக இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்குத் தெம்பு கொடுக்கும் கட்டுரை, அதற்கு நன்றி. ஆனால் 'ராணித் தேனீ நாளொன்றுக்கு 2,000 முட்டை இடும்' என்று அதில் இருந்ததைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அது இத்தாலியத் தேனீயின் கணக்கு, அதுவும் உச்ச காலத்தில். குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், அருமனை, களியல் பக்கமும், எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைப் பக்கமும் ரப்பர் தோட்டங்களில் நாங்கள் பெட்டி வைத்து வளர்ப்பது பெரும்பாலும் இந்தியத் தேனீ. இதன் ராணி நல்ல காலத்திலும் நாளுக்குச் சில நூறு முட்டைதான் இடும். 2,000-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைத் தூக்கிப் பார்க்கிற புதியவர், நல்ல ராணியையே உதவாது என்று நசுக்கிவிடுவார். எங்கள் ஊர்ப்பக்கம் அப்படி நடந்திருக்கிறது.

ராணி என்ற பெயரைக் கேட்டதும் கூட்டை அதுதான் ஆள்கிறது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. எத்தனை முட்டை என்பது பெரிதும் வேலைக்கார ஈக்களின் கையில் இருக்கிறது. மகரந்தமும் மதுவும் வந்துகொண்டிருந்தால் இளம் ஈக்கள் தங்கள் தலையில் சுரக்கும் ராயல் ஜெல்லி என்ற தீனியை ராணிக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். முட்டையிடுவதற்கான அடை அறைகளைத் துடைத்துத் தயாராக வைக்கும். வரவு நின்றால் ஊட்டுவது குறையும், முட்டையும் குறையும். கூட்டம் பிரியப்போகும் நாட்களிலும் ராணியின் தீனியைக் குறைத்து மெலிய வைக்கும். கனத்த வயிற்றோடு ராணியால் பறக்க முடியாதல்லவா. ஆகவே முட்டை குறைந்தால் ராணியைப் பழிக்குமுன் பெட்டியில் தீனி இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் தேன் ரப்பர் தேன். மார்கழி, தையில் இலை உதிர்ந்து புதுத்தளிர் வந்ததும், மூன்று இலைகள் சேரும் காம்பு முனையில் மது சுரக்கும். அங்கே போய் உறிஞ்சி வரும் ஈ முந்தின வாரம் பிறந்ததல்ல. முட்டையிலிருந்து ஈயாகி வெளியே வர ஏறக்குறைய 20 நாள். பிறகு புழுவுக்கு ஊட்டுவது, அடை கட்டுவது என்று கூட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று வாரம். அப்படியானால் மாசியில் தேனுக்குப் போகும் ஈ, மார்கழியிலாவது முட்டையாக இருந்திருக்க வேண்டும். மது சுரக்கத் தொடங்கிய பிறகு ஓடி ஓடிக் கவனித்துப் பயனில்லை. கார்த்திகை, மார்கழியில் ராணி வயிறு நிறைய இடவேண்டுமென்றால் அதற்கு முந்தின மழைமாதங்களில் கூட்டம் மெலியாமல் இருக்க வேண்டும். சித்திரையில் கடைசிச் சொட்டு வரை எடுத்துவிட்டு, ஆனி, ஆடி மழையில் பெட்டியைத் திரும்பிப் பார்க்காதவர்கள்தான் 'ஈ ஓடிப்போச்சு' என்று புலம்புகிறார்கள். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சி ஆற்றி, சிரட்டையில் ஊற்றி, ஈ மூழ்காதபடி இரண்டு ஈர்க்கில் போட்டு அந்திக்கு உள்ளே வைத்தால் போதும். பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டி ஈக்கள் கொள்ளையடிக்க வரும். தேன் பருவம் நெருங்கியதும் இந்தச் சர்க்கரைப் பாகை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் அது தேனில் கலந்து போகும், அது வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம். பெட்டியின் மேல் தட்டிலுள்ள தேன் சட்டங்களோடு நிற்காமல், கீழே முட்டையும் புழுவும் உள்ள சட்டத்தையும் தேன் எடுக்கும் இயந்திரத்தில் போட்டுச் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு குப்பித் தேனுக்காக அடுத்த மாதக் கூட்டத்தையே கொல்வது பொறுக்க முடியாத செயல்.

முட்டையைப் பார்க்கத் தெரிந்துகொள்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை. வெயிலை முதுகில் வாங்கி நின்று, சட்டத்தைச் சற்றுச் சாய்த்து, அறையின் அடியில் வெளிச்சம் விழும்படி பிடிக்க வேண்டும். நறுக்கிய வெள்ளை நூல் துணுக்கு மாதிரி சிறியதாகத் தெரியும். இட்ட அன்று நிமிர்ந்து நிற்கும், மறுநாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும், பிறகு புழு. நிற்கிற முட்டையைக் கண்டுவிட்டால் ராணியைத் தேடி ஒவ்வொரு சட்டமாகக் குலைக்க வேண்டாம். ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டைகள், அதுவும் சுவரில் ஒட்டியிருந்தால், ராணி போய் நாளாகி வேலைக்கார ஈக்களே இடத் தொடங்கிவிட்டன என்று பொருள். அவை இணை சேராதவை. அந்த முட்டைகளில் ஆண் ஈதான் வரும். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கிறது என்று 1845-இல் சொன்னவர் சியெர்சோன் என்ற பாதிரியார். நாங்கள் இன்றும் வைத்திருக்கும் நியூட்டன் பெட்டியும் ஒரு பாதிரியார் வடிவமைத்ததுதான்.

ராணி இணை சேர்வது இளமையில் சில நாள் மட்டும். பறந்தபடியே பல ஆண் ஈக்களிடம் பெற்ற விந்தை வயிற்றுப் பையில் சேர்த்துவைத்துத்தான் ஆயுள் முழுக்க இடுகிறது. அந்தச் சேமிப்பு தீர்ந்த ராணி, வேலைக்கார ஈக்கான சின்ன அறையிலும் ஆண் முட்டையே இடும். அந்த அறைகளின் மூடி உப்பியிருக்கும். இந்தியத் தேனீயில் ஆண் அறை மூடியின் நடுவே ஊசி குத்தியது போல ஒரு துளையும் உண்டு. சட்டம் முழுக்க அப்படி இருந்தால் அந்தக் கூட்டத்தைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

முட்டை இருந்தாலே எல்லாம் சரி என்றும் இல்லை. 1991-92-இல் 'தாய்லாந்து சாக்புரூட்' என்ற, புழுக்களைத் தாக்கும் வைரஸ் நோய் வந்தபோது ராணி இட்டுக்கொண்டேதான் இருந்தது. புழுக்கள் கூட்டுப்புழு ஆகுமுன்பே பை போல நீர் கோத்துச் செத்தன. குமரியிலும் கேரளத்திலும் பெட்டிகள் வெறுமையாயின. அந்நோய்க்குச் சொல்லப்படும் வழிகளில் ஒன்று, ராணியைச் சிறு கூண்டில் அடைத்து முட்டையிடுவதைச் சில காலம் நிறுத்தி வைப்பது. புழு இல்லாத இடைவெளியில் நோய் தொடர வழியில்லாமல் போகும்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். இந்தியத் தேனீக்கும் இத்தாலியத் தேனீக்கும் தனித்தனியாகக் கட்டுரை வெளியிடுங்கள். கூடவே அந்தந்த மாவட்டத்தின் பூக்காலத்தையும் போடுங்கள். இரண்டாவது, மானியப் பெட்டிகள் பற்றியது. எங்கள் பகுதியில் ஒருமுறை கொட்டும் ஆடி மழையில் கூட்டங்களைக் கொடுத்தார்கள். வாங்கிய ஏழைப் பெண்கள் பலருடைய பெட்டியில் ஒரு முட்டைகூட இல்லை. இனி ஐப்பசி, கார்த்திகையில் கொடுக்கட்டும். கொடுக்கும் இடத்திலேயே சட்டத்தைத் தூக்கி, வாங்குகிறவர் கண்ணுக்கு முட்டையைக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கட்டும். இதைத் தங்கள் இதழ் வழியாக உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தேனீ வளர்ப்போர் ஒருவர்,
களியக்காவிளை அருகில், கன்னியாகுமரி மாவட்டம்.