கார்டு மெஷின் தரும் வங்கிகளுக்கு ஒரு மளிகைக் கடைக்காரனின் மடல்

வங்கிக்காரர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை சாயங்காலம், கல்லா முன்னால் ஏழெட்டுப் பேர் நிற்கும் நேரம். ஒரு அக்கா மாத சாமான் வாங்கினார், பில் 2,340 ரூபாய். கார்டைச் செருகி பின் நம்பரும் போட்டார். மெஷின் சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு 'ஃபெயில்டு' என்று ஆங்கிலத்தில் ஒரு சிலிப்பைத் துப்பியது, அடுத்த நொடியே அவர் போனுக்குப் பணம் எடுத்துவிட்டதாக எஸ்எம்எஸ். "தம்பி, என் காசு எங்க போச்சு?"

"வந்துரும்க்கா" என்றேன். வேறென்ன சொல்ல? தெரிந்தவர் என்பதால் சாமானைக் கொடுத்தனுப்பினேன். தெரியாதவராக இருந்தால் மறுபடி காசு கேட்டிருப்பேன், அதுதான் உண்மை.

அவர் வங்கி பணத்தை எடுத்துக்கொண்டு 'சரி' என்று அனுப்பிய பதில் வழியிலேயே தொலைந்துபோனால் இப்படி ஆகும். அடுத்து லைன் கிடைக்கும்போது மெஷின்தான் 'அந்தப் பணம் எடுத்ததை ரத்து செய்' என்று வங்கிக்குச் சொல்ல வேண்டுமாம். நானோ கோபத்தில் அதை அணைத்து மேஜைக்குள் போட்டிருந்தேன். மெஷினை மாட்ட வந்த பையன் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே விதி போட்டுவிட்டது. கடையில் கார்டு தேய்த்துப் பணம் போய், கடைக்கு உறுதி வராவிட்டால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு, அதுவும் வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திராமல். கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்து யுபிஐயில் கட்டினாலும் அதே 5 நாள்தான். நான் இதைத் தெரிந்துகொண்டதே அந்த அக்காவின் மகள் போனில் காட்டித்தான், ஆறு வருஷமாக உங்கள் மெஷினுக்கு வாடகை கட்டுகிறவன் நான்!

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஃபெயில்டு சிலிப்பின் அடியில் தமிழில் இரண்டு வரி: 'பணம் பிடித்திருந்தால் 5 நாளுக்குள் திரும்பும். திரும்பாவிட்டால் உங்கள் கார்டு வங்கியிடம் கேளுங்கள், நாளுக்கு 100 ரூபாய் சேர்த்து.' விளம்பரம் அச்சடிக்க இடமிருக்கும் சிலிப்பில் இதற்கு இடமில்லையா?

அக்காவுக்கு நாலாம் நாள் பணம் வந்துவிட்டது. ஆனால் இப்போது ரொக்கமாகத்தான் கொண்டுவருகிறார்.

அப்புறம், பேப்பர் ரோல் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. அந்த இரண்டு வரியை அச்சடிக்கவாவது சீக்கிரம் அனுப்புங்கள்.