யால்டாவில் ஐரோப்பா பங்கு பிரிக்கப்படவில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவின் பிரிவினை பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதை எழுதியவரின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால், 1945 பெப்ரவரியில் சோவியத்தின் கிரிமியாவிலுள்ள யால்டாவில் கூடிய அமெரிக்காவின் ரூஸ்வெல்ட், பிரித்தானியாவின் சர்ச்சில், சோவியத்தின் ஸ்டாலின் ஆகிய மூவரும் ஒரே வாரத்தில், உறுதி எழுதிக் காணி பிரிப்பதுபோல, ஐரோப்பாவை முதலாளித்துவப் பாதி, கம்யூனிசப் பாதி என்று பிரித்துக்கொண்டு எழுந்தார்கள் என்ற அதன் அடிப்படைக் கூற்றை என்னால் ஏற்க முடியவில்லை.

யால்டாவில் வெளியான அறிக்கை, விடுவிக்கப்பட்ட நாடுகளில் சுதந்திரமான தேர்தல் நடக்கும் என்றே வாக்குறுதி அளித்தது. போலந்தில் அந்த வாக்குறுதிக்கு என்ன நேர்ந்தது என்பது வேறு விடயம். பங்கு போட்டதற்குச் சான்று தேடுபவர்கள், 1944 ஒக்டோபரில் மொஸ்கோவில் சர்ச்சில் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஸ்டாலின் பக்கம் நகர்த்திய கணக்கைத்தான் காட்ட வேண்டும். ருமேனியாவில் 90 வீதம் சோவியத்துக்கு, கிரேக்கத்தில் 90 வீதம் பிரித்தானியாவுக்கு, ஹங்கேரியும் யுகோஸ்லாவியாவும் பாதிக்குப் பாதி என்பது அந்தக் கணக்கு. கிரேக்கத்தில் அது பலித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிரித்தானியப் படைகள் ஏதென்ஸ் தெருக்களில் கம்யூனிசப் போராளிகளைச் சுட்டபோது ஸ்டாலின் வாய் திறக்கவில்லை. ஹங்கேரியிலோ பாதி என்பது நாலைந்து ஆண்டுகளில் முழுமையாகி மொஸ்கோவின் கைக்குள் போனது. யுகோஸ்லாவியாவின் டிட்டோ 1948-இல் ஸ்டாலினோடு பகைத்துக்கொண்டு இரு முகாம்களுக்கும் வெளியே நின்றார். எழுதிய கணக்கு ஒன்று, நடந்தது இன்னொன்று.

படைகள் போர் முடிவில் நின்ற இடமே எல்லையாகிவிட்டது என்பாரும் உண்டு. அதுவும் பாதி உண்மைதான். ஜேர்மனியின் லைப்சிக் நகரத்தை 1945 ஏப்ரலில் பிடித்தது அமெரிக்கப் படை. ஜேர்மனியை அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், சோவியத் என நால்வருக்கும் பிரித்து முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஆக்கிரமிப்பு வலயங்களின்படி அந்நகரம் சோவியத் பக்கம் வந்ததால், ஜூலைத் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் அதை விட்டுப் பின்வாங்கினார்கள். லைப்சிக் மக்கள் அடுத்த 44 ஆண்டுகள் கிழக்கில் இருந்தார்கள். அந்த வலயங்கள் தோற்ற நாட்டைத் தற்காலிகமாக நிர்வகிப்பதற்காக வரையப்பட்டவையேயன்றி இரண்டு நாடுகளை உருவாக்குவதற்காக அல்ல.

அப்படியானால் நிர்வாகக் கோடு நாட்டெல்லையானது எவ்வாறு? கட்டுரை இரண்டே வரிகளில் கடந்துபோன பணவிவகாரத்தில்தான் விடை இருக்கிறது என்பது என் துணிபு. 1947 ஜூனில் அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் மார்ஷல் ஐரோப்பிய மறுசீரமைப்புக்கு உதவி அளிக்க முன்வந்தபோது, கிழக்கு நாடுகளுக்கும் கதவு திறந்தே இருந்தது. செக்கோஸ்லோவாக்கியா அரசு, கம்யூனிஸ்ட் பிரதமரைக் கொண்டிருந்தும், அந்த உதவி பற்றிய பரிஸ் மாநாட்டுக்கு வருவதாக ஒப்புக்கொண்டது. சில நாட்களில் அதன் தலைவர்கள் மொஸ்கோவுக்கு அழைக்கப்பட்டார்கள். சம்மதம் திரும்பப் பெறப்பட்டது. உதவியை ஏற்றால் அதனோடு வரும் டொலர் வணிகத்தையும் மேற்பார்வையையும் ஏற்க வேண்டிவரும் என்று ஸ்டாலின் அஞ்சியதிலும், அந்த அச்சத்தை வாஷிங்டன் எதிர்பார்த்தே இருந்ததிலும், இரு தரப்பையும் நான் குற்றமற்றவர்களாகக் கருதவில்லை. எட்டு மாதங்களில் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராக்கில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியை முழுதாகக் கைப்பற்றினார்கள். உதவி பெற்ற 16 நாடுகளுக்கு நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 1,300 கோடி டொலர் போய்ச் சேர்ந்தது.

ஜேர்மனியை வெட்டிய கத்தியும் பணமே. 1948 ஜூன் 20-ஆம் திகதி மேற்கின் மூன்று வலயங்களிலும் டொய்ச் மார்க் என்ற புதிய நாணயம் வெளியிடப்பட்டது. பழைய ரைஹ்ஸ்மார்க் அங்கே செல்லாக்காசாகிவிட்டதால், அது கிழக்கில் வந்து குவிந்து அங்குள்ள விலைவாசியைக் குலைக்கும் என்று பயந்த சோவியத் நிர்வாகம் மூன்றே நாட்களில் தன் வலயத்துக்கு வேறு நாணயம் அறிவித்தது. நாலாவது நாள், சோவியத் வலயத்தின் நடுவே தீவுபோல் கிடந்த மேற்கு பேர்லினுக்குப் போகும் வீதிகளும் ரயில் பாதைகளும் நீர்வழிகளும் அடைக்கப்பட்டன. ஏறத்தாழ 20 லட்சம் மக்களுக்கு உணவையும், அதைவிட அதிகமாக நிலக்கரியையும், 1949 மே 12 வரை விமானங்களே சுமந்தன. முற்றுகை நீங்கிய அதே மாதத்தில் மேற்கு ஜேர்மனி ஒரு நாடாகப் பிறந்தது. ஒக்டோபரில் கிழக்கு ஜேர்மனி பிறந்தது. ஒரே ஊரில் ஒரு தெருவின் இருபுறமும் இரண்டு நாணயம் புழங்கத் தொடங்கிய பிறகு இரண்டு அரசாங்கம் வருவதற்கு அதிக காலம் தேவைப்படவில்லை.

இவை எதுவும் விதி அல்ல என்பதற்கு ஒஸ்திரியா சாட்சி. அதுவும் நான்கு வல்லரசுகளால் பங்கிடப்பட்டது. வியன்னாவும் பேர்லின் போலவே சோவியத் வலயத்துக்குள் இருந்த, நான்காகப் பிரிந்த நகரம்தான். ஆனால் 1945 முடிவதற்குள்ளேயே நாடு முழுவதற்கும் ஒரே அரசாங்கத்தை நால்வரும் ஏற்றுக்கொண்டார்கள். 1955-இல் ஒஸ்திரியா நடுநிலை நாடாக இருக்கும் என்ற உறுதியோடு அனைத்துப் படைகளும் வெளியேறின. மேற்கு நாடுகளின் இராணுவக் கூட்டணியான நேட்டோவில் மேற்கு ஜேர்மனி சேர்ந்ததும், பதிலுக்குச் சோவியத் அணியின் இராணுவக் கூட்டணியான வார்சோ ஒப்பந்தம் கையெழுத்தானதும், ஒஸ்திரிய உடன்படிக்கை கையெழுத்தானதும் 1955 மே மாதத்தின் ஒரே வாரத்துக்குள் நிகழ்ந்தவை என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருந்தால், யால்டாவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

பேர்லின் சுவர் பற்றியும் ஒரு வார்த்தை. 1961 ஓகஸ்ட் 13-இல் எழுப்பப்பட்ட அந்தச் சுவர் ஓர் ஈ எறும்பு கூட நுழையாதபடி கண்டத்தை அடைத்தது என்கிறது கட்டுரை. கிழக்கு ஜேர்மன் குடிமக்களைப் பொறுத்தவரை அது உண்மை. கடக்க முயன்று உயிரிழந்தவர்கள் குறைந்தது 140 பேர். ஆனால் நானும் என்னைப்போன்ற ஆயிரக்கணக்கான ஈழத்தமிழரும் அந்தச் சுவரின் ஓட்டை வழியாகத்தான் மேற்குக்கு வந்தோம். 1984-இன் கடைசியில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினேன். கடந்துசெல்வதற்கான விசாவைக் கிழக்கு அதிகாரிகள் குத்தித் தந்தார்கள். ஃபிரீட்ரிக் வீதி ரயில் நிலையத்தில் அவர்களுடைய கடைசிச் சோதனையைத் தாண்டி ரயிலேறினால், மேற்கில் இறங்கும்போது கடவுச்சீட்டைக் கேட்க எவரும் இல்லை. நகரம் சட்டப்படி இன்னும் நால்வருக்கும் பொதுவான ஒரே பேர்லின் என்பது மேற்கின் நிலைப்பாடு. அங்கே எல்லைச் சோதனை வைத்தால் அதை எல்லை என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். இந்தச் சட்ட நுணுக்கம் அன்று எனக்குத் தெரியாது. ரயிலில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். மறுநாள், எங்கள் ஆட்கள் சொல்வதுபோல், அசூல் அடித்தேன், அதாவது அகதித் தஞ்சம் கோரினேன்.

1985-இல் கிழக்கு ஜேர்மனி இலங்கையருக்கு அந்த வழியை அடைத்தது. அதே கோடையில் மேற்கு ஜேர்மனி கிழக்குக்கு அளித்துவந்த வட்டியில்லாக் கடன் வரம்பு 85 கோடி மார்க்காக உயர்த்தப்பட்டது. ஒன்றுக்கு ஒன்று விலை என்று அப்போதே பேசப்பட்டது. கொள்கையால் பிரிந்திருந்த இரண்டு அரசுகள், எங்களைத் தடுக்கும் விடயத்தில் கணக்குப் பார்த்து ஒத்துப்போயின.

இறுதியாக, கட்டுரையோடு வெளியிட்ட வரைபடத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. யுகோஸ்லாவியாவுக்கு வார்சோ ஒப்பந்த நாடுகளின் சிவப்பு நிறம் தீட்டப்பட்டுள்ளது. அது ஒருபோதும் அந்த ஒப்பந்தத்தில் இருந்ததில்லை, மாறாக அணிசேரா நாடுகளின் முதல் மாநாடு 1961-இல் அதன் தலைநகர் பெல்கிரேடில்தான் நடந்தது. மற்றது, கிழக்கு ஜேர்மனி முழுவதும் ஒரே சிவப்பாக இருக்கிறது. நான் ரயிலிலிருந்து இறங்கிய மேற்கு பேர்லினுக்கு அதன் நடுவில் ஒரு சிறு நீலப் புள்ளியாவது வேண்டும். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவீர்கள் என நம்புகிறேன்.

இங்ஙனம்,
பேர்லின் வாசகர் ஒருவர்